ஊக்கம் இல்லையென்று யார் சொன்னது? காக்கிநாடாவிலிருந்து நம் கல்லூரி அரங்கம் வரை

“வேலை தேடுபவராக இருக்காதீர்கள், வேலை கொடுப்பவராக மாறுங்கள்.” இந்த வாசகத்தைக் கேட்காமல் இன்று யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது. தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவு என்று பலகை மாட்டிய ஓர் அறை, ஆண்டுக்கு ஒரு விழா, கோட்டு போட்ட ஒரு பேச்சாளர், கடைசியில் ஒரு சான்றிதழ். பேச்சாளர் சொல்லும் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். கையில் ஒன்றுமில்லாமல் வந்தேன், நெஞ்சில் ஒரு கனவு இருந்தது, இன்று இத்தனை கோடி. மாமா கொடுத்த கடனும், அப்பா பெயரில் இருந்த மனையும் கதையின் நடுவில் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாணவர்களோடு வேலை செய்யும் எங்களிடம் பேராசிரியர்கள் சிலர் அக்கறையோடுதான் சொல்வார்கள்: “உங்க பிள்ளைங்களுக்கு மோட்டிவேஷனே இல்லைங்க. ஸ்காலர்ஷிப், கவர்மென்ட் வேலை, இதைத் தாண்டி யோசிக்கவே மாட்டேங்கிறாங்க.” இதைக் கேட்டுக் கோபப்படுவது சுலபம். ஆனால் அந்தப் பேராசிரியர் இதைத் தானாக யோசித்துச் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடநூலில் அது இருக்கிறது. அந்தப் பாடநூலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால்தான் அவரோடு நாம் நின்று வாதாட முடியும்.

1969-ஆம் ஆண்டு மூன்று நூல்கள் வெளிவந்தன. மூன்றையும் எழுதியவர்கள் அமெரிக்கர்கள். மூன்றும் இந்தியாவைப் பற்றியவை. ஒரு மனிதர் அல்லது ஒரு சமூகம் எப்படிப் பொருளாதாரத்தில் மேலே வருகிறது என்ற கேள்வியை மூன்றுமே தொடுகின்றன. டேவிட் மெக்கிளெலண்டும் டேவிட் விண்டரும் எழுதியது காக்கிநாடா வியாபாரிகளைப் பற்றி. ஓவன் லிஞ்ச் எழுதியது ஆக்ராவின் ஜாதவ் மக்களைப் பற்றி. ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதியது தமிழ்நாட்டு நாடார்களைப் பற்றி. தொழில்முனைவுப் பாடத்திற்கு முதல் நூல் மட்டும் போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டும் சமூகவியல் துறை அலமாரியில் தங்கிவிட்டன. முதுகலையில் அவற்றைப் படித்த எங்களுக்கே, அவை தொழிலைப் பற்றிய நூல்களும்தான் என்பது உறைக்க வெகுகாலம் பிடித்தது.

முதலில் காக்கிநாடா. மெக்கிளெலண்ட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். சில நாடுகள் முன்னேறுவதும் சில நாடுகள் தேங்கிப்போவதும் ஏன் என்ற கேள்விக்கு அவர் 1961-இல் ஒரு பதில் சொன்னார். மனிதர்களின் மனத்திற்குள் ‘சாதனை ஊக்கம்’ என்று ஒன்று இருக்கிறது, அது கூடினால் பொருளாதாரம் வளரும், குறைந்தால் தேங்கும் என்பது அவர் கருத்து. அதை அளக்க, ஒரு மங்கலான படத்தைக் காட்டி அதற்கு ஒரு கதை எழுதச் சொன்னார். கதையில் ‘சாதிக்க வேண்டும்’ என்ற எண்ணம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். பல நாடுகளின் பள்ளிப் பாடக் கதைகளைக்கூட இப்படி எண்ணி, நாட்டுக்கு நாடு மதிப்பெண் போட்டார். காலனியாட்சி ஒரு நாட்டை எத்தனை ஆண்டு சுரண்டியது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஊக்கம் மனத்தில் இருக்கிறது என்றால் அதைப் பயிற்சியால் வளர்க்கவும் முடிய வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க அவருக்குக் கிடைத்த ஊர் ஆந்திரக் கடற்கரையில் இருக்கும் காக்கிநாடா. ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து 1964-இல் வேலை தொடங்கியது. காக்கிநாடாவிலிருந்து 50-க்கும் மேற்பட்ட தொழில், வியாபாரப் புள்ளிகளை ஹைதராபாத்துக்கு அழைத்துவந்து தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். படம் பார்த்துக் கதை எழுதுவது, வளையத்தைத் தூக்கி முளையில் மாட்டும் விளையாட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான இலக்கைத் தாளில் எழுதி வைப்பது ஆகியவை பயிற்சி. வளைய விளையாட்டில் மிக அருகில் நின்று எறிபவர் பயந்தவர், மிகத் தொலைவில் நின்று எறிபவர் சூதாடி, நடுத்தரத் தொலைவில் நிற்பவர்தான் தொழில்முனைவோர். நம் கல்லூரிப் பயிலரங்குகளில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்துக்கொண்டு இதே விளையாட்டை இன்றும் நடத்துகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று நடத்துபவருக்கே பல சமயம் தெரியாது.

பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாகத் தொழிலை விரிவாக்கினார்கள், புதிய முதலீடு செய்தார்கள், கூடுதலாக ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். ஆய்வின் முடிவு இது. நம் பாடநூல்கள் இதிலிருந்து ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன: பாரம்பரிய நம்பிக்கையோ சாதியோ ஒருவர் தொழில்முனைவோர் ஆவதைத் தடுப்பதில்லை, தகுந்த பயிற்சி இருந்தால் போதும். தேர்வில் 5 மதிப்பெண் கேள்வியாகவே இதைக் கேட்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதைப் பாடநூலில் காண்பது அரிது. பயிற்சிக்கு வந்த எல்லோரிடமும் மாற்றம் ஒரே மாதிரி ஏற்படவில்லை. தன் நிறுவனத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவரிடம் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. அப்பாவோ அண்ணனோ முதலாளியோ முடிவெடுக்க, கீழே வேலை பார்த்தவர்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. இவர்களும் அதே பயிற்சியைத்தான் பெற்றார்கள், அதே வளையத்தைத்தான் எறிந்தார்கள். இது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கடையோ ஆலையோ தொழிலோ வைத்திருந்தவர்கள். அவர்களிலேயே சாவி யார் கையில் இருந்ததோ அவருக்குத்தான் ஊக்கம் பலன் கொடுத்தது. அப்படியானால் கடையே இல்லாத, ஈடு வைக்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டிலிருந்து வந்த மாணவரிடம் வெறும் ஊக்கத்தைக் கொடுத்து என்ன எதிர்பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை அந்த ஆய்வே கேட்க வைக்கிறது. யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சி முறை 1970-களில் குஜராத்துக்குப் போனது. 1982-இல் ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்கென ஒரு வாரியம் அமைத்தது. 1983-இல் அகமதாபாத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. அங்கிருந்து பொறியியல் கல்லூரிகளுக்கும், பிறகு கலைக் கல்லூரிகளுக்கும் பாடமாகவும் பிரிவாகவும் பரவியது. 2016-இல் ஸ்டார்ட்அப் இந்தியா, 2019-இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, 2022-இல் தமிழ்நாட்டின் நான் முதல்வன் திட்டம் என்று வேகம் கூடிக்கொண்டே வந்தது. இவை எல்லாமே வெறும் பேச்சு என்று நாம் சொல்லவில்லை. நான் முதல்வன் பயிற்சியால் வேலைக்குப் போன பிள்ளைகளை எங்களுக்கே தெரியும். ஆனால் ‘குறை உன் மனத்தில்தான் இருக்கிறது’ என்ற காக்கிநாடாவின் அடிப்படை மட்டும் எந்தக் கட்டத்திலும் மறுபரிசீலனைக்கு வரவில்லை.

இனி அலமாரியில் தங்கிப்போன நூல்களுக்கு வருவோம்.

ஆக்ரா என்றால் நமக்குத் தாஜ்மகால். வட இந்திய தலித் மக்களுக்கு ஆக்ரா என்றால் செருப்பு. சாமர் என்று இழிவாக அழைக்கப்பட்ட மக்கள் அங்கே ஜாதவ் என்ற பெயரில் எழுந்து நின்றார்கள். தோல் வேலையை அவர்கள் மேல் திணித்தது சாதி. அதே தோலை வைத்து நகரத்தில் காலணித் தொழிலைக் கட்டியெழுப்பியது அவர்கள் கைத்திறன். கொஞ்சம் வசதி வந்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சங்கம் வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பிறகு அம்பேத்கரின் இயக்கத்தில் உறுதியாக நின்றார்கள். ஒரு நகரத்தில் வீட்டுக்கு வீடு தொழில்முனைவு. எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. ஊக்கப் பேச்சாளரும் வரவில்லை.

இத்தனை பேர் தொழில் செய்த ஊரில் செல்வம் ஏன் அவர்களிடம் தங்கவில்லை? இதற்கு விடை ‘பர்ச்சி’ என்ற ஒரு துண்டுச்சீட்டில் இருக்கிறது. ஜாதவ் குடும்பம் வீட்டிலேயே செருப்பு தைக்கும். அதைக் கூடையில் வைத்து ஹீங் கி மண்டி சந்தைக்குக் கொண்டுபோகும். அங்கே மொத்த வியாபாரி சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரமாட்டார், சீட்டு தருவார். சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் அந்தச் சீட்டு பணமாகும். மறுநாள் தோல் வாங்கவும் அரிசி வாங்கவும் இன்றைக்கே பணம் வேண்டும். அதனால் சீட்டை ஒரு தரகரிடம் கொடுத்து, கழிவு போக மீதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம் வியாபாரிகள் பலர் வெளியேறினார்கள். அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்தவர்கள் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த வணிகச் சாதியினர். அவர்களும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள்தான். ஆனால் கடன் கிடைக்கும் வழியும் சந்தைத் தொடர்பும் அவர்களுக்கு இருந்தன. ஜாதவுக்குத் தொழில் தெரிந்திருந்தது. விற்பனையும் கடனும் அடுத்தவர் கையில் இருந்தன. காக்கிநாடா ஆய்வு சொன்ன அந்தச் சாவி ஹீங் கி மண்டியில் வியாபாரியின் மேசை இழுப்பறையில் இருந்தது.

இப்படி ஒரு பாடத்தை நம் மாணவருக்கு யாராவது நடத்தியிருக்கிறார்களா? சரக்கு கொடுத்த பிறகு பணம் எத்தனை நாளில் வரும், அதுவரை எதை வைத்துச் சமாளிப்பது என்பதுதான் சிறுதொழிலின் உயிர்நாடி. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் நம் ஆட்களையோ ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுப்பவர்களையோ கேட்டால் இதை ஒரு மணி நேரம் சொல்வார்கள். அவர்களை எந்தக் கல்லூரி விழாவுக்கும் அழைப்பதில்லை. கோட்டு இல்லையே.

மூன்றாவது நூல் நம் மண்ணைப் பற்றியது. நாடார்களின் வரலாறு தலித் வரலாறு இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பனையும் கருப்பட்டியும் வியாபாரப் பாதையும் அவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் கிடைத்தன. நமக்குக் கிடைத்தது பண்ணை அடிமைத்தனம். ஆனால் கோயிலுக்குள் போகக் கூடாது, பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது என்ற கொடுமைகளை அவர்களும் தாங்கியவர்கள். அதனால்தான் அவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதை நாம் கவனித்துப் படிக்க வேண்டும்.

ராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் குடியேறினார்கள். வண்டியும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டைக்கு வரும் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சிறு தொகை மகமையாகப் பிடிக்கப்பட்டது. அந்தப் பொதுப்பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் என்று அது செலவானது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் எழுந்தது இந்தப் பொதுப்பணத்தின் பலத்தில்தான். 1910-இல் நாடார் மகாஜன சங்கம். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையை நம் கல்லூரிப் பேச்சாளர்கள் ‘இரண்டு இளைஞர்களின் கனவு’ என்று சொல்வார்கள். அந்த இருவரின் துணிவை நாம் குறைக்க வேண்டியதில்லை. அவர்கள் திரும்பிவந்த ஊரில் பேட்டையும் மகமையும் ஒரு தலைமுறைக்கும் மேலாக வேலை செய்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

இதை அப்படியே பாராட்டிவிட்டுப் போகவும் முடியாது. உறவின்முறை என்றால் உறவுக்குள் மட்டும்தான். அந்த மதிலுக்குள் நமக்கு இடமில்லை. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுச் செல்வத்தில் நம் குழந்தைகளின் விரல்களும் கருகியிருக்கின்றன. பணம் வந்தால் சாதி போய்விடும் என்பவர்களுக்கும் இதே வரலாற்றில் பதில் உண்டு. வசதியான நாடார் வணிகர்கள் 1897-இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் அவர்கள் தோற்றார்கள்.

இந்த மூன்று நூல்களும் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் தன் வாழ்க்கையில் இதையெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டார். அவரைச் சட்ட மேதை என்று படிக்கிறோம், தலைவர் என்று வணங்குகிறோம். அவர் தொழில் தொடங்கித் தோற்ற கதையை ஏனோ யாரும் சொல்வதில்லை.

1917-இல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர் அவர். பங்குச்சந்தை முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். அன்றைய பம்பாயில் அந்தத் தகுதியோடு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அது அரசுக் கல்லூரி. சக பேராசிரியர்கள் தாங்கள் குடிக்கும் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். ஆனால் மாதச் சம்பளத்தை அவர்களால் நிறுத்த முடியவில்லை.

நம் பிள்ளைகள் அரசு வேலையை ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. சந்தையில் வாடிக்கையாளர் உங்கள் சாதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தாது. அரசு வேலையில் அவமானம் உண்டு, ஆனால் முதல் தேதி சம்பளமும் உண்டு. இது ஊக்கமின்மை இல்லை. நூறு ஆண்டு அனுபவத்திலிருந்து ஒரு சமூகம் போட்ட கணக்கு.

அது அந்தக் காலம் என்பார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே ஒரு கிராமப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைச் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். செய்தியானது, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது அரசுத் திட்டம், அதனால் ஓடிவந்தார்கள். அதே பெண் அதே ஊரில் ஓர் இட்லிக்கடை போட்டு, யாரும் வாங்காமல் போயிருந்தால் அது செய்தியும் ஆகியிருக்காது. ‘வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று தொழில்முனைவுப் பாடத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. சாதி என்ற சொல் அந்த அத்தியாயத்தில் இல்லை.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு ஒன்று. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லக்ஷ்மி ஐயர், தருண் கன்னா, அஷுதோஷ் வர்ஷ்னி ஆகியோர் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த பட்டியல் சாதியினரிடம் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காடுதான் இருந்தது. அவற்றிலும் பல, ஒருவரே உழைத்து நடத்தும் சின்னஞ்சிறு தொழில்கள்.

நம் இயக்கத்துக்குள் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிவாளர்கள், அரசுக் கொள்முதலிலும் தனியார் துறையிலும் தலித்துகளுக்குப் பங்கு வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். 2005-இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பைத் தொடங்கினார். முதலாளித்துவம் சாதியை உடைக்கும் என்று சந்திரபான் பிரசாத் தொடர்ந்து எழுதினார். தலித் முதலாளித்துவம் சிலரை மட்டும் மேலே தூக்கிக் காட்டிக் கோடிக்கணக்கானவர்களை மறைக்கும் ஏமாற்று என்று ஆனந்த் டெல்டும்டே போன்றவர்கள் மறுத்தார்கள். மாணவர்கள் இரண்டையும் படிக்க வேண்டும். எங்கள் நிலை டெல்டும்டேவுக்குக் கொஞ்சம் பக்கம். ஆனாலும் கடை போட விரும்பும் ஒரு தலித் பெண்ணிடம் புரட்சி வரும்வரை காத்திரு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் வந்த கொள்முதல் கொள்கைப்படி ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் இங்கே வாடிக்கையாளரே அரசு. அம்பேத்கரிடமிருந்து திரும்பிப் போன வாடிக்கையாளர்கள்போல இவர் திரும்பிப் போக முடியாது. ஆண்டுகள் பல ஆகியும் அந்த 4 விழுக்காட்டை அவர்கள் நெருங்கவே இல்லை. தண்டனையும் இல்லை.

2016 ஏப்ரல் 5 அன்று ஸ்டாண்ட்அப் இந்தியா வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்று அது சொன்னது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தொடக்கத்தில் திட்டச் செலவில் 25 விழுக்காடு வரை மார்ஜின் பணம் வேண்டும் என்றார்கள். 20 லட்சத்தில் ஒரு பட்டறை போட வேண்டுமானால் 5 லட்சம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 5 லட்சம் எங்கே இருக்கும்? 2021-இல் இதை 15 விழுக்காடாகக் குறைத்தார்கள். அப்போதும் 3 லட்சம். ஈடு இல்லாமலும் கடன் தர வழி இருந்தாலும் மேலாளர் “நிலம் ஏதாவது இருக்கா தம்பி?” என்றுதான் முதலில் கேட்பார். பஞ்சமி நிலம் பறிபோன ஊரிலிருந்து வந்த பையன் அதற்கு என்ன சொல்வான்?

அந்த 2016-இல் இன்னொரு தேதியும் இருக்கிறது. ஜனவரி 16 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். மறுநாள், ஜனவரி 17, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். 7 மாத ஆய்வு உதவித்தொகை அவருக்கு வந்து சேரவில்லை. காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதிக்கும் ஊக்கத்தைக் கற்றுக்கொடுத்த அதே நகரம். ரோஹித்துக்கு ஊக்கம் குறைவு என்று அவரை அறிந்த யாரும் சொல்லவில்லை.

உதவித்தொகையைப் பற்றிப் பேசாமல் தொழில்முனைவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அது வருகிறதா, எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே நம் மாணவர் இரண்டாம் ஆண்டுக்குப் போவதும் போகாததும் முடிவாகிறது. 2020 டிசம்பரில்தான் ஒன்றிய அரசு தன் பங்கை 60 விழுக்காடு என்று உறுதி செய்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் பெரும் சுமையை மாநிலங்கள் தலையில் தள்ளியிருந்தது. கட்டணம் கட்டாததால் ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்ற கல்லூரியே அடுத்த வாரம் ‘ரிஸ்க் எடுங்கள்’ என்று கருத்தரங்கு நடத்தியதைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ரிஸ்க்கில்தான் வாழ்கிறார்கள். ஒரு செமஸ்டர் உதவித்தொகை தாமதமானால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது.

2023-இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாம் பார்த்தவற்றில் வரலாற்றைக் கொஞ்சமாவது படித்துவிட்டு எழுதிய திட்டம் இதுதான். திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம், அதற்கு மேல் வட்டியில் 6 விழுக்காடு சலுகை. முக்கியமானது எதுவென்றால், தொடங்குபவர் தன் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை. அந்த இடத்தில் அரசின் மானியம் நிற்கிறது. மீதி வங்கிக் கடன். மாமாவும் மனையும் இல்லாத வீட்டுக்கு அரசு மாமாவாக வருவது என்று இதைச் சொல்லலாம். வங்கி மேலாளர் மனம் வைக்க வேண்டும் என்ற கண்டம் அப்படியே இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் நகர்ந்தும் வங்கியில் மாதக்கணக்கில் கிடந்த கோப்புகளை எங்களுக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் கல்லூரியில் அந்த விழா நடக்கும்போது வெளியே நிற்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லிவருகிறோம். உள்ளே போய் உட்காருங்கள். பேச்சாளர் முடித்ததும் கை தூக்குங்கள். முதல் பணம் யார் கொடுத்தது, எத்தனை வட்டி என்று கேளுங்கள். முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார், உறவா, ஊரா, சாதியா என்று கேளுங்கள். சரக்குக்குப் பணம் வர எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். கல்லூரி கேன்டீன் ஒப்பந்தமும் சீருடைத் தையலும் அச்சு வேலையும் இந்த ஆண்டு யாருக்குப் போனது, 4 விழுக்காடு என்ற விதியைப்போல இங்கும் ஒன்று வைக்க முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். போன மாதம் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருவர் இந்தக் கடைசிக் கேள்வியை எழுந்து கேட்டார். பேச்சாளர் சிரித்தார். முதல்வர் சிரிக்கவில்லை, எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறார்கள். 22 பேர் கையெழுத்து போட்டிருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் நம் பிள்ளைகள் அல்லர். பதில் இன்னும் வரவில்லை.